பெல்ட்டில்லாத குளிர்காலம்

பதினோரு நாள்
சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள்.
ஒரு சாண் அகலம். அதற்குள் ஒரு முழு நாய்.

கார்டிகன் பக்கம் ஏதோ கொட்டகையாம்.
ஆறு வருஷம், ஏழு ஈற்று,
பதிவேட்டில் எண் மட்டும்.
கொண்டுவந்து விட்ட நெரிஸ் சொன்னாள்:
"படி தெரியாது. புல் தெரியாது.
கையை மட்டும் நன்றாகத் தெரியும்."

நான் இட்வல்.
ப்ளைனாயில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
பொறுமைக்குப் பேர் போனவனில்லை,
கடைசி இருக்கைப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரவு உடை மாற்றும்போது
பெல்ட்டின் கொக்கி கிளிங்கென்றது.
சுவரோரத்திலிருந்து ஒரு மெல்லிய ஓடை
தரைக்கற்களின் இடுக்கில் வழி தேடி
என் கால்வரை வந்தது.
அவள் சத்தமே போடவில்லை.

துடைத்தேன்.
பெல்ட்டைத் துணியில் பொதிந்து
தோட்டத்துக் கொட்டிலில் வைத்துப் பூட்டினேன்.
மறுநாள் முதல் என் இடுப்பில்
வைக்கோல் கட்டும் நீலக் கயிறு.
பணிமனையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதுகைக் காட்டி உட்காரச் சொல்லியிருந்தாள் நெரிஸ்.
முகம் என்பது அவளுக்கு அதிகம்.
வாசிக்க வேறெதுவும் அகப்படாமல்
பேருந்தின் பிரேக் பராமரிப்புக் கையேட்டை
எங்கள் வெல்ஷ் மொழிக்கு மாற்றி மாற்றி
இரவெல்லாம் உரக்கப் படித்தேன்.
ஆறாம் அத்தியாயம், காற்றழுத்த வால்வு.
முதுகில் ஓர் ஈரம்.
மூக்கா, மூச்சா?
திரும்பவில்லை.
வால்வைப் பற்றியே இன்னும் இரண்டு பக்கம் படித்தேன்.

நியூல் என்று கூப்பிட்டேன்.
எங்கள் பேச்சில் மூடுபனி.
வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

ஒன்பது பல் பிடுங்கினார்கள்.
தொங்கிய மடி மெல்ல மேலேறியது.
புல்லை முதன்முதல் மிதித்தபோது
ஒவ்வொரு காலாய் உதறிக்கொண்டு நின்றாள்,
யார் வீட்டுக்குள்ளோ
செருப்போடு நுழைந்துவிட்டவள் போல.

பிப்ரவரியில் பக்கத்து வீட்டு எம்ரிஸ்
கம்பளத்தை ஒரு முறை உதறினான்.
திரும்பவும் சுவரோரம். நான்கு நாள்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும்.
சறுக்கிய இடத்திலேயே
இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச்சில், மழை விட்ட ஒரு மதியம்,
பலகைக்கல் சுரங்கத்தின் குப்பைமேட்டு அடிவாரத்தில்
ஓடினாள்.
யாரும் துரத்தவில்லை. எதையும் துரத்தவில்லை.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
பிறகு என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

மூன்று பேர் பார்க்க வந்தார்கள்.
முதல் குடும்பத்துக் குழந்தை நல்ல குழந்தைதான்,
ஆனால் பாடியது.
இரண்டாமவர் விசில் அடித்துக் கூப்பிட்டார்.
மூன்றாவது, ஹார்லெக்கிலிருந்து டெலைத்.
வந்தவள் நாயைப் பார்க்கவே இல்லை.
யாரும் சொல்லாமல்
முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து
பையிலிருந்த ஆரஞ்சை உரித்தாள்.

முக்கால் மணி நேரம்.
நியூல் என்னை ஒருமுறை பார்த்தாள்.
நான் பிரேக் கையேட்டைப் பார்த்தேன்.
நகம் தரையில் தட்டும் ஓசை
என்னைத் தாண்டிப் போயிற்று.

காரில் ஏற்றும்போது
மருந்து, உணவு வேளை, இடிச் சத்தம்
எல்லாம் சொல்லி முடித்து,
"அப்புறம் பெல்ட் மட்டும்..." என்று இழுத்தேன்.
"என் வீட்டில் கிடையாது" என்றாள்.
சொன்ன வேகத்தில் கார்க் கதவைச் சாத்தினாள்,
மெதுவாக, சத்தம் வராமல்.
நான் வேறொன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சலவை இயந்திரத்தை இழுத்துப் பார்த்தேன்.
காணாமல் போன என் காலுறை நான்கு,
ஒரு கம்பளிக் கையுறை.
ஒன்றோடொன்று ஒட்டி
சுவர்ப்பக்கம், காற்றுப் படாத இடத்தில்.
ஒவ்வொன்றும் நக்கி நக்கிப் படிந்திருந்தது.
துவைக்கவில்லை.
அப்படியே பொட்டலம் கட்டி
ஹார்லெக்குக்கு அனுப்பினேன்.

திங்களன்று பேருந்தில் ஏறிய பொடியன்
என் இடுப்பைக் காட்டிக் கேட்டான்,
இந்தக் கயிறு எதுக்கு?

விழாமல் இருக்க, என்றேன்.
போய் உட்கார்.